முன்கண்ணாடியில் ஒரு பூச்சி

செப்டம்பர் 8, திங்கள்

மழை வராதா, மழை வராதா என்று ஏங்கியதற்கு நேற்று கொட்டித் தீர்த்தது. இன்று ஈசல். தோட்டத்தில் மருந்தடிப்பை முடித்துக் கிளம்பவே பொழுது சாய்ந்துவிட்டது. சுருளிப்பட்டி ரோட்டில் வயல் ஓரமாக வரும்போது ஹெட்லைட்டைப் போட்டேனோ இல்லையோ, அந்த வட்டாரத்து ஈசல் மொத்தமும் என் கார் மூஞ்சியில் வந்து உயிரை விட்டது. வைப்பரைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. வெண்ணெயை வழித்துப் பூசியது போல் கண்ணாடி முழுக்க இழுகிவிட்டது. தலையை வெளியே நீட்டிக்கொண்டு கம்பம் வந்து சேர்ந்தேன்.

வந்ததும் முதல் வேலை அதைக் கழுவியதுதான். பூச்சியைக் காயவிட்டால் அது பெயிண்டைத் தின்றுவிடும். என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதை நனைத்து பானட்டிலும் கண்ணாடியிலும் போர்த்திவிட்டு, நிதானமாக ஒரு காபி குடிக்க வேண்டும். ஊறியதும் ஷாம்பு நுரையில் துணியை முக்கி மேலிருந்து கீழே இழுத்தால் தானாக வந்துவிடும். தேய்க்கவே கூடாது. எட்டு வருஷமாகக் கார் வைத்திருக்கிறேன், இதுவரை ஒரு கீறல் கிடையாது. “புருசன் செத்த வருசமே இவளுக்குக் காரு கேக்குதா” என்று பேசிய தெரு இது. பேசட்டும். அவர் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்துக்கு நடந்தா போக முடியும்?

எல்லாம் போய்விட்டது, ஒன்றே ஒன்று தவிர. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் இடது கைப்பக்கம், கண்ணாடியில் கொசு அளவுக்கு, காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன். பல் பொடி போட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் இல்லையோ என்று உள்பக்கமும் துடைத்தேன். கிட்டே போனால் இல்லை. சீட்டில் வந்து உட்கார்ந்தால் இருக்கிறது. மருந்துத் தெறிப்பாக இருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக்கு அடிப்பது லேசில் போகாது.

தோட்டத்தில் துளிர் நன்றாக வந்திருக்கிறது. தெற்குப் பந்தலில் மட்டும் இலையில் செவட்டை நோய் தெரிகிறது.

செப்டம்பர் 10, புதன்

பூச்சி அங்கேயே இருக்கிறது. நானும் இங்கேயேதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒச்சாயியோடு காலையிலேயே சண்டை. என் தோட்டத்துக்குப் பெண்களைச் சேர்த்து வேலைக்குக் கூட்டி வருகிறவள் அவள். தினமும் முன் சீட்டில் மகாராணி மாதிரி ஏறிக்கொண்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வருவாள். கிளம்புமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“யக்கா, எதைத் தொடைக்கிறீக?”

“இந்தா, இந்தப் பூச்சியத்தான்.”

“எந்தப் பூச்சி?”

“கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? வெரலுக்கு நேரா பாரு.”

அவள் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். “ஆத்தி! என் மூஞ்சிதான்க்கா தெரியுது. அம்புட்டுப் பளிச்சுனு இருக்கு.”

“அப்ப உன் மூஞ்சியத்தான் தொடைக்கணும்,” என்றேன். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சென்னையிலிருந்து மகன் போன் பண்ணினான். செல்வேந்திரன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பேசுவான். பேச்சு முழுக்க ஒரே பல்லவிதான்.

“அம்மா, உனக்கும் வயசாகுது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துரு. காரு எதுக்கும்மா உனக்கு? வித்துரலாம். ஆயுதபூசைக்கு வரும்போது ஒரு முடிவு பண்ணிருவோம்.”

“எனக்கு என்ன கேடு வந்துச்சு இப்ப?”

“கேடு வந்தப்பறம் சொல்லிப் பிரயோசனம் இல்லம்மா.”

அந்த அடுக்குமாடி வீட்டில் போய் மூன்று நாள் இருந்தால் நான்காம் நாள் எனக்கு மூச்சு முட்டும். பாத்ரூம் கதவைச் சாத்தினால் கூட எல்லோருக்கும் கேட்கும் வீடு அது. காலையில் எழுந்து எங்கே போவேன் அங்கே? கார் போனால் தோட்டம் போச்சு, தோட்டம் போனால் நான் அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். அதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். “வா, பேசிக்கலாம்,” என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

அடுப்படிச் சுவரில் ஒரு கொசு. ஓங்கி அடித்தேன். கை எரிந்ததுதான் மிச்சம். பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அங்கேயும் அடித்தேன். காரில் இருப்பதன் அண்ணன் தம்பி போலிருக்கிறது. இந்த வருஷம் பூச்சி அதிகம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ஓரக்கண்ணில் வெட்டி வெட்டி மின்னியது. நல்ல மழை வரும் என்று மாடியில் காய்ந்த துணியை எல்லாம் எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேடிக்கை பார்த்தாள். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லையாம். அவளுக்கு எப்போதும் என் விஷயத்தில் ஒரு கண்.

செப்டம்பர் 19, வெள்ளி

இது நம்மால் ஆகிற வேலை இல்லை என்று மீரான் பாய் வாட்டர் சர்வீஸில் காரை விட்டேன். நுரை அடித்து, பிரஷர் தண்ணீர் விட்டு, பம்பர் சந்தில் இருந்த வண்டுக்கால் வரைக்கும் எடுத்துவிட்டார். சக்கரச் சேறு, கதவுக்கு அடியில் ஒட்டியிருந்த தார், எல்லாம் போய்ப் புதுக் கார் மாதிரி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். இருந்தது. முன்னைவிடப் பெரிதாக, இப்போது கூடவே நூல் நூலாக வேறு.

“பாய், முக்கியமானத விட்டுட்டீங்களே.”

அவர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கி வெளியே நின்று பார்த்தார். அவரிடம் வேலை செய்கிறவரையும் கூப்பிட்டுக் காட்டினார். “இல்லீங்க அக்கா. கண்ணாடியில ஒண்ணுமே இல்லியே.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அப்பிடிச் சொல்லலக்கா. நீங்க வேணும்னா ஒருதடவ...”

“வேணாம். ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். பாவம், நல்ல மனுஷன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தேங்காய் நாரும் அரப்பும் போட்டு இன்று ஒரு கை பார்த்துவிட்டேன். எண்ணெய்ச் சட்டி கருகியதையே எடுக்கிற அரப்பு இந்தப் பூச்சியை எடுக்காதா? தோள்பட்டை கழன்று விழும் மட்டும் தேய்த்தேன். வெயில் பட்டபோதுதான் பார்க்கிறேன், கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். பானட்டிலும் இரண்டு இடத்தில்.

தேய்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். ஆத்திரம் தாங்கவில்லை. நாரைத் தூக்கி ரோட்டில் எறிந்தேன். பூச்சி இருக்கிறது.

மகன் போன் பண்ணினான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கேட் தூண் சாய்ந்திருக்கிறது. இன்று கார் இடது பக்கக் கண்ணாடி அதில் மோதி மடங்கிவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூணைச் சரி பண்ணச் சொல்ல வேண்டும்.

“எட்டு வருசமா சாயாத தூணு இன்னைக்குத்தான் சாஞ்சுச்சாக்கும்,” என்றாள் ஒச்சாயி. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“இறங்கி நடந்து வர்றியா?” என்றேன். வழியெல்லாம் ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது. திரும்பும்போது, நாற்று நட்டுவிட்டு ரோட்டின் இடது ஓரமாகப் பெண்கள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தார்களாம். ஒச்சாயி “யக்காஆஆ!” என்று கத்தி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். கார் வலது பக்கம் ஏறி ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. பின்னால் அந்தப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறையாக ஏசினார்கள். ஒருத்தி சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். யார் மேலும் படவில்லை.

“பிரேக்கு சரியில்ல,” என்றேன்.

“நீங்க பிரேக்கே போடலக்கா,” என்றாள் ஒச்சாயி. அவள் கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

பிரேக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று கார் எடுக்கவில்லை. பெட்ரோல் இல்லை.

செப்டம்பர் 27, சனி

பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து தோட்டத்துக்குப் போனேன். நடப்பது உடம்புக்கு நல்லது. ஒச்சாயி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது எரிச்சலாக இருந்தது.

குளிக்கும்போது வலது கண்ணில் சோப்பு பட்டது. மூடினேன். சோப்பு போன பிறகும் கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்தேன். பிறகு திறந்துவிட்டேன். இதில் எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள். சுகந்தி திண்டுக்கல்காரி. அளந்துதான் பேசுவாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்குத்தான் பழக்கம். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன்.

செல்வேந்திரன் வந்த கையோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். “என்னம்மா இது கண்ணாடியில? யாரு இப்பிடிப் போட்டுக் கீறுனது? சைடு மிரர் வேற ஆடுது.”

“பூச்சி ஒட்டுனா தேய்க்காம கொஞ்சுவாகளா?”

“நீயா தேய்ச்ச?” என்று என் முகத்தைப் பார்த்தான். அவன் நிற்பது எனக்கு இடது பக்கம். நான் முழுசாகத் திரும்பி நின்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போடிக்காரர் ஒருவர் காரைக் கேட்கிறாராம். பூசை முடியட்டும் என்றேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுதபூசை

இன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

காலையிலேயே காரைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டினான் மகன். பொட்டு வைப்பது மட்டும் என் வேலை. சந்தனத்தை வைத்து அதன் நடுவில் குங்குமம். பானட்டில், இரண்டு லைட்டில், நான்கு சக்கரத்தில், ஸ்டியரிங்கில். கை பழகிய வேலை. தூக்கத்தில் கூடச் செய்வேன். வைத்துவிட்டு நிமிர்ந்தால் சுகந்தி முந்தானையால் நான் வைத்த பொட்டுகளை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். “ஏய், என்ன பண்ற? பூசைப் பொட்ட யாராவது அழிப்பாகளா?”

“அத்த, மெல்லப் பேசுங்க. அவரு உள்ள பூசணிக்காய் எடுக்கப் போயிருக்காரு.” அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “சந்தனம் ஒரு பக்கம் இருக்கு, குங்குமம் தள்ளி வேற பக்கம் இருக்கு. இடது லைட்டுக்கு வைக்கிறதா நெனச்சு கீழ பம்பர்ல வச்சிருக்கீங்க. பாருங்க.”

பார்த்தேன். என்னத்தைப் பார்க்க? இடது பக்கம் ஒரு கறுப்புச் சேலையைத் தொங்கவிட்டது போல் இருக்கிறது, இன்றைக்கு ஒரு வாரமாக. மிச்சம் உள்ளதெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி நெளிகிறது.

அவள் சட்டென்று சந்தனத்தைத் தொட்டு எல்லாப் பொட்டையும் சரியாக வைத்தாள். கிண்ணத்தை என் கையில் திரும்பக் கொடுத்தாள், நானே வைத்தது மாதிரி. பிறகு என் காதுக்குக் கிட்டே வந்து கேட்டாள்.

“எந்தக் கண்ணு அத்த?”

யாரும் கேட்கக் கூடாது என்று மூன்று வாரமாக எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்த கேள்வி அது. “இடது,” என்றேன். பூச்சி கண்ணாடியில் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று கேட்டால், அந்தக் கொசுவை அடித்த அன்றிலிருந்தே தெரியும். சொன்னால் சாவியைக் கேட்பார்கள் என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, எதற்கு மறைக்க.

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான் மகன். “ஏறும்மா, நீதான நசுக்குவ.”

“இந்தத் தடவ நீ ஏத்து,” என்று சாவியை நீட்டினேன். ஆச்சரியமாகப் பார்த்தான். பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான் போல. நினைக்கட்டும்.

அக்டோபர் 2, வியாழன்

மதுரைக்குச் சேலை எடுக்கப் போகிறோம் என்று சுகந்தி செல்வேந்திரனிடம் சொல்லிவிட்டாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து சேலை எடுக்கவா என்று அவன் வாயைப் பிளந்தான். விடியற்காலை பஸ்.

உசிலம்பட்டி தாண்டும்போது கேட்டேன். “உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? புருசன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா காரும் போயிருக்கும், தோட்டமும் போயிருக்கும், அவன் நெனச்சது நடந்திருக்கும்.”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அத்த, கோவிச்சுக்காதீங்க. நீங்க சென்னைக்கு வந்து எங்ககூட இருந்தா உங்களுக்கும் ஒத்துவராது, எனக்கும் ஒத்துவராது. உங்க கண்ணு நல்லாயிருந்தாத்தான் நீங்க உங்க வீட்டுல இருப்பீங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் உண்மை. அடி கள்ளி! இவள் நம்ம ஆள்தான்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிற திரை கிழிந்து, சுவரில் சுண்ணாம்பு உரிவது மாதிரி உரிந்துவிட்டதாம்.

“எப்பம்மா மொதல்ல புள்ளி தெரிஞ்சுச்சு?”

சொன்னேன்.

“அந்த வாரமே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும். ஏம்மா வரல?”

“கார் கழுவிக்கிட்டு இருந்தேன்,” என்றேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சுகந்தியைப் பார்த்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன். சுகந்தி டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு செல்வேந்திரனுக்குப் போன் பண்ணினாள். இனி மறைக்க முடியாது.

அக்டோபர் 6, திங்கள்

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தாயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், குப்புறப் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். கண்ணுக்குள் காற்று மாதிரி ஏதோ அடைத்திருக்கிறார்கள். அது மேலே போய்த் திரையை அழுத்த வேண்டுமானால் என் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டுமாம். படுத்தால் குப்புற, உட்கார்ந்தால் தலை குனிந்து, நடந்தாலும் தலை குனிந்து. பத்து நாள்.

கல்யாணப் பந்தலில் கூடத் தலையைக் குனியாதவள் நான். “பொண்ணு என்ன இப்பிடி நிமிந்து பாக்குது” என்று மாமியார் வீட்டார் அன்றைக்கே பேசினார்கள். அதற்கெல்லாம் சேர்த்து இப்போது வசமாகச் சிக்கிக்கொண்டேன்.

செல்வேந்திரன் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் என்னோடு பேச்சு இல்லை. மருந்து ஊற்றுகிற நேரத்துக்கு அவன் கால் வருகிறது, ஊற்றுகிறது, போகிறது. ஒச்சாயி நேற்று வந்தபோது வாய் சும்மா இருக்காமல் அந்த நாற்று நடுகிற பெண்கள் கதையை அவனிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து நடை இன்னும் கனமாகிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

ஒச்சாயி கணக்கு வழக்கில்லாமல் தோட்டத்துக் கதை சொன்னாள். செவட்டை நின்றுவிட்டதாம். பூ இறங்கியிருக்கிறதாம். கண்ணில் நீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் வாசலில் ஆள் சத்தம். போடிக்காரர் வந்துவிட்டார். “இஞ்சின் நல்லா இருக்குங்க, ஓட்டம் கம்மிதான்,” என்று என் மகன் சொல்வது படுக்கையில் இருந்த எனக்குக் கேட்டது. பானட்டைத் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். என் காரின் கதவு எப்படிச் சாத்தும் என்று எனக்குத் தெரியும். வேறு ஒருவன் அடித்துச் சாத்தினான்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! குப்புறக் கிடக்கிறவளுக்குக் காது கேட்காது என்று நினைத்தானா? கையை ஊன்றி எழுந்தேன். சுகந்தி ஓடி வந்து தோளைப் பிடித்தாள். “அத்த, வேணாம்.” “தடுக்காத, கூட வா,” என்றேன். தடுக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு, படி இறங்கி வாசலுக்குப் போனேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் கால்களும்தான். மகனின் வெறுங்கால். எதிரில் பெரிய தோல் செருப்பு ஒரு ஜோடி. என் பக்கத்தில் சுகந்தியின் மெட்டி போட்ட கால்.

“அம்மா! நீ ஏன் எந்திரிச்ச? குனிஞ்சே இருக்கணும்னு சொல்லியிருக்காங்கல்ல!”

“குனிஞ்சுதானடா இருக்கேன். குனிஞ்சுக்கிட்டே சொல்றேன், கேட்டுக்க. இந்தக் காரு விக்கிறதுக்கு இல்ல.”

தோல் செருப்பு கொஞ்சம் பின்வாங்கியது. “தம்பி பேசித்தான் வரச் சொன்னாருங்கம்மா...”

“தம்பிகிட்ட அவரு வண்டி ஒண்ணு சென்னையில நிக்குது. வேணும்னா அத வெல பேசுங்க. இது என் காரு. வாங்குனது நான், ஓட்டுனது நான். கண்ணாடிய அந்தக் கோலத்துக்குத் தேய்ச்சதும் நான்தான்.”

“வாரேன் தம்பி,” என்று செருப்பு திரும்பி, கேட் தூணைத் தாண்டிப் போய்விட்டது. மகனின் கால் மட்டும் அப்படியே நின்றது. கால்விரல் தரையை அழுத்துவது தெரிந்தது.

“வேற எப்பம்மா விக்கிறது?” அவன் குரல் உடைந்திருந்தது. “அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்திய ஏத்திக் கொன்னதுக்கு அப்பறமா?”

சுகந்தி “ஏங்க!” என்றாள். “நீ சும்மா இரு, அவன் சரியாத்தான் கேக்குறான்,” என்றேன். சரிதானே. அந்தத் தூக்குவாளி ரோட்டில் உருண்ட சத்தம் தினமும் எனக்குக் கேட்கிறது. அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். அன்றைக்கு நான் பிரேக் போடவே இல்லை. அங்கே ஆட்கள் நடந்ததே எனக்குத் தெரியவில்லை. அதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவனிடம் தலை குனிந்து நான் சொன்னது அது ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொல்லிக் குனிந்த தலை இல்லை.

“அதனால கேட்டுக்க,” என்றேன். “டாக்டரு ஓட்டலாம்னு வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நான் அந்தச் சாவியத் தொடமாட்டேன். ஒச்சாயி மகன் வண்டியில பின்னால உக்காந்து தோட்டத்துக்குப் போவேன். டாக்டரு ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டா, நானே ஆளக் கூப்பிட்டு, நானே வெல பேசி, நானே விப்பேன். எனக்காக நீ முடிவு பண்ணாத. கண்ணுதான்டா போச்சு, புத்தி போகல.”

என் பார்வைக்குள் அவன் முழங்கால் வந்தது. மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவன் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். சவரம் பண்ணவில்லை. சின்ன வயதில் ஆற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது எப்படி அழுதானோ அப்படி அழுதுகொண்டிருந்தான்.

“ஒரு கண்ணு நெசமாவே போயிருச்சுன்னா என்னம்மா பண்ணுவ?”

“இன்னொன்ன வச்சு உன்னைய மொறைப்பேன்,” என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தால் கண் குலுங்கும் என்று சுகந்தி இரண்டு பேரையும் அதட்டினாள். அவன் எழுந்து கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். பிறகு என் தோளைப் பிடித்து, படியைப் பார்த்து ஏறச் சொல்லி, உள்ளே கூட்டி வந்தான்.